பெயர் இருந்தது, கோப்பு இல்லை: 2 டிபி வட்டு வாங்கி ஏமாந்த கதை

போன ஆண்டு இணைய அங்காடி ஒன்றில் 1,299 ரூபாய் கொடுத்து 2 டிபி (ஏறத்தாழ 2,000 ஜிபி) வெளி வட்டு ஒன்றை வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. கறுப்பு உலோக உறை, கையில் எடுத்தால் நல்ல கனம். ‘அதிவேக எஸ்எஸ்டி’ என்று மேலே அச்சடித்திருந்தார்கள்; சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் வட்டு அது. அதே அளவில் பெயர் தெரிந்த கம்பெனியின் வட்டு ஐயாயிரத்துக்கு மேல் விற்றது. பெயருக்காகத்தான் அவ்வளவு விலை வைக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலிவாக வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவனுக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

மதுரையில் பதினோரு ஆண்டுகளாகப் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். கையில் இருந்த 512 ஜிபி மடிக்கணினி எந்நேரமும் நிரம்பியே கிடக்கும். வட்டு வந்த அன்று இரவே எல்லாவற்றையும் அதில் நகலெடுக்கப் போட்டேன், ஏறத்தாழ 310 ஜிபி. விடிய விடிய ஓடியது. அதிவேக வட்டுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். காலையில் கோப்புறைகள் வரிசையாக நின்றன, அளவும் சரியாகவே காட்டியது. மேலே இருந்த இரண்டு கோப்புகளைத் திறந்தேன், திறந்தன.

அதற்குப் பிறகு நான் செய்தது வடிகட்டிய முட்டாள்தனம். 2019 வரையிலான வேலைகளை மடிக்கணினியிலிருந்து அழித்து இடம் உண்டாக்கினேன். பேக்கப் எடுத்துவிட்ட தெம்பு! மூலத்தை அழித்த நொடியிலேயே அது பேக்கப் என்ற தகுதியை இழந்து ஒரே நகலாகிவிட்டது என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

எட்டு மாதம் கழித்து மடிக்கணினியின் எஸ்எஸ்டி போனது. பழைய சுழல் வட்டுகள் பெரும்பாலும் சாகும் முன் டிக் டிக் என்று சத்தம் போட்டாவது காட்டிக்கொடுக்கும். இது முந்தைய இரவு வரை நன்றாக ஓடிவிட்டு, காலையில் தான் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் பதறவில்லை. புதுக் கணினியை வாங்கி, காபி குடித்துவிட்டு, நிதானமாக வட்டைச் செருகினேன். பெயர்கள் அத்தனையும் இருந்தன. ஒரு நாவலைத் திறந்தேன்: ‘கோப்பு சிதைந்துள்ளது.’ அடுத்ததும் அப்படியே. நாற்பது கோப்புகள் வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை.

திறந்தவை ‘01 அழைப்பிதழ்’ என்ற கோப்புறையில் இருந்தவை மட்டுமே. வரிசையில் முதலில் நகலானது அது. பதினோரு ஆண்டுகளில் யார் யாருக்குத் திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்ற விவரமெல்லாம் பத்திரமாக இருக்கிறது. புத்தகங்கள்தான் இல்லை.

கத்தியை விட்டு உறையை நெம்பினேன். உள்ளே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மின்சுற்றுப் பலகை. அதில் கைபேசியில் போடுகிற 32 ஜிபி மெமரி கார்டு ஒன்று. பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு. நான் வியந்த கனம் அந்த இரும்பினுடையது.

மோசடி நடக்கும் விதம் இதுதான். அந்தப் பலகையில் உள்ள சில்லு, தன்னிடம் 2 டிபி இடம் இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கிறது. கணினி அதை நம்பிவிடுகிறது. கோப்புகளின் பெயரும் அளவும் எழுதப்படும் அட்டவணை வட்டின் தொடக்கப் பகுதியில், உண்மையான இடத்தில் பதிவாகிவிடுகிறது. மெய்யான இடம் தீர்ந்த பிறகு வருவதெல்லாம் காற்றில் போகிறது, அல்லது பழையதன் மேலேயே எழுதப்படுகிறது. எங்கள் தொழிலில் சொல்வதானால், பொருளடக்கத்தை ஒழுங்காக அச்சடித்து, உள்ளே வெற்றுத்தாள் வைத்துத் தைத்த புத்தகம்.

தரவு மீட்பவரிடம் கொண்டுபோனேன். “எழுதியிருந்தால்தானே எடுக்க முடியும்?” என்று கேட்டார். அவர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. விற்பனையாளர் முதலில் வட்டை ஃபார்மட் செய்து பார்க்கச் சொன்னார், பிறகு காணொளி கேட்டார், பிறகு அவருடைய கடையே அங்காடியில் இல்லை. திருப்பி எடுக்கும் காலம் ஏழு நாளில் முடிந்துவிட்டது என்று அங்காடி கைகழுவியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த மூன்றாவது வாரம் 1,299 ரூபாய் திரும்பி வந்தது.

நட்சத்திர மதிப்பீட்டை நம்பாதீர்கள். நான் பார்த்த பாராட்டுகளில் பாதி, பொருள் வந்த அன்றே எழுதியவை. ‘நல்ல கனமாக இருக்கிறது’ என்று ஒருவர் மெச்சியிருந்தார், பாவம். புது வட்டோ பென் டிரைவோ வாங்கினால், எதையும் போடும் முன் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு ‘எஃப்3’. இவை வட்டு முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பெரிய வட்டென்றால் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், ஆகட்டும். என்னுடையதை ஓட்டியபோது 29 ஜிபிதான் தேறியது. நகலெடுத்த பின் வட்டைக் கழற்றி, மறுபடி செருகி, கடைசியாகப் போன கோப்புகளைத் திறந்து பாருங்கள். என்னைப் போல மேலே இருக்கும் இரண்டைத் திறந்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஒரே வட்டின் டி டிரைவில் இன்னொரு நகல் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம். வட்டு போனால் சி, டி இரண்டும் சேர்ந்துதான் போகும்.

நான் இப்போது இரண்டு வெவ்வேறு கம்பெனி வட்டுகளில் வைக்கிறேன். ஒன்று தங்கை வீட்டில் இருக்கிறது.

இழந்த 140 புத்தகங்களில் 61 புத்தகங்களின் பிடிஎஃப் சிவகாசி அச்சகங்களில் கிடைத்தது. இன்னும் அச்சுக்குப் போகாதவற்றுக்கு அந்த வழியும் இல்லை. அவற்றில் ஒன்று, கோவில்பட்டிப் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சேர்த்த உழவுச் சொற்களின் அகராதி. விஷயத்தைச் சொல்ல நேரில் போனேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சொற்களை எழுதிய அட்டைகள் எல்லாம் பரணில்தான் இருக்கின்றன தம்பி. எனக்குத்தான் கண் தெரியவில்லை” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போகிறேன். மங்கிய மையில் உள்ளதை நான் படிக்கிறேன், பிழையாகப் படித்தால் அவர் திருத்துகிறார், அப்படியே தட்டச்சு செய்கிறேன். சென்ற வாரம் ‘கொ’ வரிசையை முடித்தோம்.