சி.ரி. ஸ்கேனோடு வரும் கணினி அறிக்கை: அளவை நம்பலாம், சதவீதத்தை நம்ப வேண்டாம்

நெஞ்சு சி.ரி. ஸ்கேனோடு மென்பொருள் ஆய்வு அறிக்கையும் சேர்த்துத் தரும் தனியார் சேவையைப் பற்றியது இது. ஹட்டன், பதுளைப் பக்கமிருந்து கண்டிக்குப் போய்வரும் செலவே பெரிது. அதற்கு மேல் காசு கொடுக்குமுன் வாசித்துவிடுங்கள்.

நுரையீரலில் தெரியும் முடிச்சை (சிறு கட்டியை) தேடிப் பிடிப்பதில் மென்பொருள் கெட்டி. இரத்தக்குழாயோடு ஒட்டிய 5 மி.மீ. புள்ளிக்கும் வட்டம் போடும், கனஅளவும் சொல்லும். அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட அது உதவும்: திண்மமான புற்றுக்கட்டியின் கனஅளவு இரட்டிப்பாகப் பெரும்பாலும் 20 முதல் 400 நாள் பிடிக்கும். அதைவிட வேகமாக வீங்கினால் தொற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வில்லங்கம், முடிச்சு புற்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது போடும் 'ஆபத்து சதவீதம்'தான். இவ்வகை மென்பொருள்கள் பல பழகியது 1018 ஸ்கேன் கொண்ட எல்.ஐ.டி.சி. என்ற அமெரிக்க நுரையீரல் படத் தொகுப்பில். அதில் பெரும்பாலான முடிச்சுகளுக்கு இருப்பது கதிரியல் வைத்தியர்கள் கண்ணால் பார்த்துப் போட்ட 1 முதல் 5 வரையான புற்றுச் சந்தேக மதிப்பெண், பயொப்சி (திசு எடுத்துச் சோதித்த) முடிவல்ல. முள்முள்ளான விளிம்போடு கிரிப்டோகொக்கஸ் என்ற பங்கசின் முடிச்சு வந்தாலும் 'புற்று' என்று ஏறிவிடும்.

காசநோய் வந்துபோன நுரையீரலில் இன்னும் மோசம். மேல் மடலில் பழைய குழி, உள்ளே அஸ்பர்ஜிலஸ் பங்கசு உருண்டை, அதன் மேல் பிறை போலக் காற்று. மல்லாந்து படுத்தால் உருண்டை முதுகுப் பக்கம் கிடக்கும். குப்புறப் படுக்கவைத்து அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுத்தால் நெஞ்சுப் பக்கம் உருண்டு வரும். சுவரில் முளைத்த புற்றுக்கட்டி நகராது. (சில பங்கசு உருண்டையும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், நகரவில்லை என்பதற்காகப் புற்று என்று முடிவுகட்டக் கூடாது.) மென்பொருள் பார்ப்பதோ ஒரே நிலைப் படத்தை. குழியையும் உருண்டையையும் சேர்த்து ஒரே கட்டியாக அளந்துவிடும்.

வாங்குவதென்றால் 1 மி.மீ. துண்டுகள் முழுவதையும் இறுவட்டில் கேளுங்கள், 5 மி.மீ. துண்டுகளாக எடுத்த ஃபிலிமில் பிறை மங்கிப்போகும். பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி இரண்டையும் கொண்டுபோங்கள். சீனி வருத்தம், ஸ்டீரொயிட் மருந்து இருந்தால் மறைக்க வேண்டாம். பெட் ஸ்கேனும் தீர்ப்பு சொல்லாது, பங்கசும் அதில் ஒளிரும். அஸ்பர்ஜிலஸ் ஐ.ஜி.ஜி. (அந்தப் பங்கசுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) இரத்தப் பரிசோதனை ஓரளவு கைகொடுக்கும்.

பயொப்சி வரை போனால் வைத்தியரிடம் முன்கூட்டியே ஒன்று கேட்டுவிடுங்கள்: திசுவில் ஒரு பகுதி ஃபோர்மலினில், இன்னொரு பகுதி சேலைனில் போக வேண்டும். முழுவதும் ஃபோர்மலினில் விழுந்தால் பங்கசை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராது.