பழைய நிக்கல் ரிவால்வர்: கம்பெனி முலாமா, மறுமுலாமா?

நாகர்கோவில் பக்கம் தாத்தா காலத்து ரிவால்வருக்கு விலை பேசும்போது, பளபளப்பைப் பார்த்துத்தான் பலர் தொகையை ஏற்றுகிறார்கள். அது தவறு. தொழிற்சாலையிலேயே பூசிய நிக்கல், அதாவது கம்பெனி முலாம், ஓரம் தேய்ந்திருந்தாலும் அதற்கே மதிப்பு அதிகம். பின்னாளில் வேறொருவர் புதிதாக மறுமுலாம் பூசியது பாதி விலைக்கும் கீழே போகலாம்.

முதலில் தோட்டா போடும் உருளையைத் திறந்து, எல்லா அறைகளும் காலியா என்று பாருங்கள்.

அமெரிக்க நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய மடக்கு ரிவால்வர்களில் (குழல் கீழே மடங்கித் திறப்பவை) கம்பெனி முலாம் என்றால் சுத்தியலும் விசையும் கடினப்படுத்திய எஃகின் திட்டுத் திட்டான நிறத்திலும், விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக்காப்பு பெரும்பாலும் நீலக்கறுப்பாகவும் இருக்கும். இவையும் நிக்கலாக மின்னினால் மறுமுலாம் என்றே சந்தேகப்படுங்கள். மறுமுலாமுக்கு முன் இரும்பை நன்றாகத் தேய்ப்பார்கள். அதனால் எழுத்துகள் மங்கும், வரிசை எண் ஆழம் குறையும், திருகு துளைகளின் விளிம்பு தட்டுபோல் குழியும். பளபளப்புக்கு அடியில் பழைய துருக்குழிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். நிக்கலில் இளமஞ்சள் சாயல் உண்டு. நீலம் தட்டினால் அது குரோமியம்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை. முலாமில் ஊசித்துளை விழுந்தால் உப்புக்காற்று உள்ளிருக்கும் இரும்பைத் துருப்பிடிக்கவைத்து, முலாமைச் செதிலாகக் கிளப்பும். தோல் உறையில் வைக்காதீர்கள். நிக்கலுக்கு அடியில் செம்புப் பூச்சு இருந்தால், அம்மோனியா கலந்த துப்புரவு திரவம் அதை அரிக்கும்.

கம்பெனி முலாமோ மறுமுலாமோ, சுத்தியலை மெதுவாக இழுங்கள். அது முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்குள் உருளை பூட்டிக்கொள்ள வேண்டும்.

1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வாங்கவோ விற்கவோ முடியாது.