டுப்ரோவ்னிக் மதிலுக்குள் சமையலறையுடன் ஒரு வீடு

குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக் நகரில், 1,940 மீட்டர் சுற்றளவுள்ள மதிலுக்குள் அடங்கிய பழைய நகரத்திலேயே, சமையலறையுடன் கூடிய ஒரு வீட்டைக் குடும்பத்தோடு வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். ஸ்ட்ராடுன் என்னும் பிரதான வீதிக்கு வடக்கே, பிரியெக்கோ தெருவையும் தாண்டி மேலேறும் ஒரு படிக்கட்டுச் சந்தில், பழைய கல் கட்டடத்தின் கடைசி மாடியில் அந்த வீடு இருந்தது. சமைத்துச் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு இந்த ஊரில் இதைவிடப் பொருத்தமான தங்குமிடம் கிடையாது என்றே நினைக்கிறேன். ஆனால் எந்தப் பக்கத்தில் வீடு எடுக்கிறோம் என்பதை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

வாடகைக் கார் பிலே வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து பெட்டிகளை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஸ்ட்ராடுன் சமதளம் என்பதால் அதுவரை சிரமமில்லை. வடக்குச் சந்துகளில் திரும்பியதும் செங்குத்தான கற்படிகள் தொடங்கிவிடும், சக்கரம் வைத்த பெட்டியானாலும் தூக்கித்தான் ஆக வேண்டும். விளம்பரத்தில் 'சில படிகள்' என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால், தெருவில் எத்தனை படிகள், கட்டடத்துக்குள் எத்தனை படிகள் என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

ஏறி முடித்தபின் கிடைத்த சமையலறையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 1667ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் நகரம் இடிந்து, மீண்டும் கட்டப்பட்டபோது, தீப்பிடித்தாலும் கீழ்த்தளங்களுக்குப் பரவாதிருக்கச் சமையலறைகளை மேல்மாடியில் வைத்தார்கள். எங்கள் அடுப்பும் கூரைக்கு நேர்கீழே, சாய்ந்து இறங்கும் உத்தரத்தின் அடியில்தான் இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த சன்னலைத் திறந்தால் ஓட்டுக் கூரைகள் வரிசையாகத் தெரியும். வெளிறிப்போன பழைய ஓடுகளுக்கு நடுவே பளிச்சென்ற சிவப்பில் இருப்பவற்றில் பெரும்பாலானவை, 1991-92இல் நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளான பிறகு மாற்றப்பட்டவை. அந்த வேறுபாட்டை அடுப்படியிலிருந்தே பார்க்க முடிகிறது.

பாத்திரங்கள் போதுமான அளவு இருந்தன, சுத்தமாகவும் இருந்தன. கண்ணாடி மேற்பரப்புள்ள மின்னடுப்பு சூடாக நேரம் எடுக்கும், அணைத்த பிறகும் சூடு அடங்காது. மூடியுள்ள பாத்திரத்தில் சோறு வடிக்க அந்த மிச்சச் சூடு உதவியது. கத்திதான் மழுங்கிக் கிடந்தது. மசாலாப் பொடிகளை ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது.

காய்கறிக்குக் குந்துலிச் சதுக்கத்தின் காலைச் சந்தை இருக்கிறது. அத்திப்பழம், பாதாம், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் எல்லாம் அங்கே கிடைக்கும். பிளித்வா என்னும் கீரையைப் பூண்டும் உருளைக்கிழங்கும் சேர்த்து ஆலிவ் எண்ணெயில் வதக்குவது அந்த ஊர்ப் பழக்கம். நாங்கள் காய்ந்த மிளகாய் தாளித்துப் பொரியலாகவே செய்துகொண்டோம், சைவம் சாப்பிடும் அம்மாவுக்கு உணவகம் தேட வேண்டிய கவலையே இல்லாமல் போயிற்று. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். வெளியே சுற்றும்போது, 1438இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய ஒனோஃபிரியோ நீரூற்றில் புட்டியை நிரப்பிக்கொள்ளலாம்.

குறை என்றால் இரவுச் சத்தம். பிரியெக்கோ உணவகங்களின் மேசைகள் காலியான பிறகும், கல் சுவர்களில் பட்டுப் பேச்சொலி மேலே வந்துகொண்டே இருந்தது. சன்னலை மூடினால் அறை புழுங்கியது. கோடையில் குளிர்சாதன வசதி இல்லாத வீட்டை எடுக்கவே வேண்டாம். நாமும் இரவில் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். வீடுகள் ஒவ்வொன்றாக வாடகைத் தங்குமிடங்களாக மாறியதால் மதிலுக்குள் நிரந்தரமாக வாழ்பவர்கள் குறைந்துவிட்டார்கள், எஞ்சியவர்கள் நம் சுவருக்கு அடுத்த பக்கத்தில்தான் உறங்குகிறார்கள்.

பகலில் சொகுசுக் கப்பல்களிலிருந்து இறங்கும் கூட்டம் மாலையில் திரும்பிவிடும், அதன்பின் ஸ்ட்ராடுனில் நிதானமாக நடக்கலாம்; மதிலுக்குள் தங்கக் கொடுக்கும் கூடுதல் வாடகை அதற்கே தகும். அடுத்த முறை மே மாதத்தில், சந்தைக்கு அருகே, படிகள் குறைந்த தென்புறச் சந்து ஒன்றில் வீடு எடுப்பதாக இருக்கிறோம்.