மூன்றாவது அடாப்டர்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க சாலிடரிங் அயனோடு போயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் பார்த்து கல்லூரி நண்பன் ஒருவன் ஃபோன் செய்து, "மச்சான், பழைய கினெக்ட் ஒண்ணு ஆயிரத்து ஐந்நூறுக்கு வருது. கம்ப்யூட்டர்ல போட்டா ஓடுமா, வாங்கலாமா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. விரலில் சூடுபட்ட இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம்தான், கொஞ்சம் நியாயமாகப் பேசியிருக்கலாமே என்று உறுத்தியது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கினெக்ட் என்பது உடம்பின் அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் கேமரா, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுச் சாதனத்துக்காக வந்தது. என்னிடம் இருப்பது எக்ஸ்பாக்ஸ் 360-க்காக வந்த முதல் தலைமுறை கினெக்ட், 1414 மாடல். 2016-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எக்ஸ்பாக்ஸ் என்னிடம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. இதில் நான் ஒன்றும் முதல் ஆள் கிடையாது. 2010 நவம்பரில் கினெக்ட் கடைக்கு வந்த கையோடு, அதைக் கணினியில் ஓட வைக்கும் திறந்த மூல டிரைவர் மென்பொருளுக்கு அடாஃப்ரூட் என்ற அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பரிசு அறிவித்தது. 1,000 டாலரில் தொடங்கி ஒரே வாரத்தில் 3,000 டாலருக்கு ஏறியது. ஐரோப்பாவில் விற்பனை தொடங்கிய அதே நாளில் எக்டர் மார்ட்டின் என்ற ஸ்பெயின்காரர் ஒன்றை வாங்கி, லினக்ஸ் லேப்டாப்பில் படத்தை வரவழைத்துப் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். அவரிடமும் எக்ஸ்பாக்ஸ் இருக்கவில்லை. முதலில் முகம் சுளித்த மைக்ரோசாஃப்ட், 2011 ஜூனில் தானே விண்டோஸுக்கு எஸ்டிகே (நிரல் எழுதுபவர்களுக்கான கருவித் தொகுப்பு) வெளியிட்டது. நான் இன்றைக்கும் ஓட்டுவது 2013-இல் வந்த 1.8 பதிப்பு. என் விண்டோஸ் 10-இல் முணுமுணுக்காமல் ஓடுகிறது.

புலம்பலுக்கு வருகிறேன். கினெக்டின் வால் நுனியில் ஒரு பிளக் இருக்கும். பார்க்க யூஎஸ்பி மாதிரி, ஆனால் எந்த யூஎஸ்பி துளையிலும் நுழையாது. இந்தச் சாதனத்துக்கு யூஎஸ்பி தரும் 5 வோல்ட் போதாது. தனியாக 12 வோல்ட் வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360-இன் ஒல்லி மாடலில் இரண்டையும் சேர்த்தே தரும் துளை உண்டு. அதற்கு முந்தைய எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தவர்களுக்காக ஓர் இரட்டை வால் அடாப்டர் வந்தது: ஒரு வால் யூஎஸ்பிக்கு, இன்னொன்று சுவர் பிளக்குக்கு. கணினிக்காரர்களுக்கும் அதுதான் கதி. கினெக்டைத் தனியாக வாங்கியவர்களுக்குப் பெட்டியிலேயே அடாப்டர் இருந்தது. ஒல்லி எக்ஸ்பாக்ஸோடு சேர்த்து வாங்கியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அதனால் பழைய சந்தையில் வாலறுந்த கினெக்ட்கள்தான் அதிகம் திரிகின்றன.

எனக்கு முதல் அடாப்டர் கூடவே வந்தது. இரண்டாம் வருடம் கழுத்துப் பக்கம் வயர் அறுந்து போயிற்று. இரண்டாவதை ஒரு கடையில் வாங்கினேன். பெயர் போடாத சரக்கு, 12 வோல்ட், 1.08 ஆம்பியர் என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். எட்டு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் ஆழப்படம் (எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் படம்) நடுவில் உறையும். சில சமயம் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கினெக்டின் தலையைச் சாய்க்கும் மோட்டார் மட்டும் தெரியும், கேமராவும் மைக்கும் காணாமல் போயிருக்கும். நான் சந்தேகப்படாத பொருள் இல்லை. டிரைவரை மாற்றினேன். யூஎஸ்பி ஹப்பைத் தூக்கிப் போட்டேன் (ஹப்பில் மாட்டக் கூடாது என்பது உண்மைதான், ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலர் தரவு கடத்தும் திறனில் குறைந்தது பாதியை இது ஒற்றை ஆளாகத் தின்னும்). ஒரு சனிக்கிழமை ராத்திரி விண்டோஸையே புதிதாகப் போட்டேன். கடைசியில் மல்டிமீட்டரை வைத்தால், சும்மா இருக்கும்போது 12.1 காட்டுகிறது, கினெக்டை மாட்டி அகச்சிவப்பு லேசர் எரிந்ததும் 9-க்குக் கீழே விழுகிறது. கடைக்காரரிடம் கொண்டுபோனால், ஒரு எல்இடி பட்டையை மாட்டிக் காட்டி, "நல்லாத்தானே சார் எரியுது?" என்கிறார். எரியத்தான் செய்தது. நான் என்ன சொல்ல?

மூன்றாவது அடாப்டரை நானே செய்தேன். அதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் சும்மா கிடந்த வைஃபை ரவுட்டர் அடாப்டர், 12 வோல்ட், 2 ஆம்பியர். செத்துப்போன அடாப்டரிலிருந்து இரட்டை வாலை மட்டும் வெட்டி எடுத்து, பிளஸ் மைனஸை மூன்று தடவை சரிபார்த்து, ரவுட்டர் பின் நுழையும் துளை ஒன்றை அதில் பற்ற வைத்தேன். செலவு முப்பத்தைந்து ரூபாய், விரல் கொப்புளம் தனி.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், அம்மாவுக்காக. 2023 கடைசியில் அம்மாவுக்கு வலது தோள்பட்டை இறுகிவிட்டது. சீப்பு எடுத்துத் தலை வார முடியாது. பிசியோதெரபிஸ்ட் பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் செய்தார்களா என்று கேட்டால் "செஞ்சேன் கண்ணு" என்று பதில் வரும், அடுப்படியிலிருந்து. அப்போதுதான் அலமாரி மேல் தூசியோடு இருந்த கினெக்ட் ஞாபகம் வந்தது.

கேமரா பார்க்கும் உடம்பை எஸ்டிகே ஓர் எலும்புக்கூடாக மாற்றித் தரும், அதில் 20 மூட்டுகள். தோளிலிருந்து முழங்கைக்கு ஒரு கோடு, அது செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி, அவ்வளவுதான் கணக்கு. அன்றைக்கு வைத்த இலக்கைத் தாண்டிக் கை உயர்ந்தால் ஒரு மணி அடிக்கும், எண்ணிக்கை ஒன்று கூடும். முதல் நாள் 70 டிகிரியிலேயே அம்மா பல்லைக் கடித்தார்கள். நாலாம் நாள் 95-க்கு மணி அடித்தது. எனக்குச் சந்தேகம். பக்கத்தில் போய் நின்று பார்த்தால், கையைத் தூக்காமல் உடம்பை இடப்பக்கம் சாய்த்து மணி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்! இரண்டு தோள்களையும் இணைக்கும் கோடு சாய்ந்தால் மணி அடிக்காது என்று நிரலில் ஒரு வரி சேர்த்தேன். "உன் மிஷினுக்கு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க" என்று இரண்டு நாள் பேசவில்லை. பிசியோதெரபிஸ்ட் தன் கோணமானியை வைத்து அளந்தபோது என் கணக்கோடு ஐந்து டிகிரிக்குள் ஒத்துப்போனது. பழைய விளையாட்டுச் சாமானுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் புடவை அதற்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு மூட்டுக்கும் நிஜமாகவே பார்த்தேனா, ஊகித்தேனா என்று அதுவே ஒரு குறிப்புத் தரும். புடவைக்குள் இருக்கும் முழங்கால் எப்போதும் ஊகம்தான். சில நேரம் இரண்டு காலும் பின்னிக்கொண்டு நடனமாடும். கணினியில் உருவாக்கிய ஏராளமான மனித உருவங்களைக் காட்டித்தான் இதற்கு உடம்பை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடப் புடவை கட்டியிருக்கவில்லை என்பது என் ஊகம். உட்கார்ந்த நிலை என்று ஒரு வசதி எஸ்டிகேயில் உண்டு. இடுப்புக்குக் கீழே விட்டுவிட்டு மேலே உள்ள 10 மூட்டுகளை மட்டும் பார்க்கும். அதைப் போட்டதும் சண்டை முடிந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

சுவரில் விரலால் ஏறும் பயிற்சிக்கு இது உதவாது. நமக்கு முகம் எது, முதுகு எது என்று இதற்குத் தெரியாது. எல்லோரும் தன்னைப் பார்த்தே நிற்பதாக நினைப்பு. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி வலது கையைத் தூக்கினால் இடது கை கணக்கில் ஏறும். கதவுக் கொக்கியில் தொங்கும் அப்பாவின் சட்டைக்கும் அவ்வப்போது தலை, தோள் எல்லாம் முளைக்கும். அமெரிக்காவில் பேய் தேடிக் கிளம்புபவர்கள் இதே கினெக்டைத் தூக்கிக்கொண்டு பாழடைந்த வீடுகளுக்குப் போவது ஏன் என்று அப்போது புரிந்தது.

வெயிலும் ஆகாது. எங்கள் ஹாலில் மேற்கே ஜன்னல். நாலு மணிக்கு வெயில் தரையில் விழும் இடமெல்லாம் ஆழப்படத்தில் கறுப்பு ஓட்டை. நடுவே கம்பி நிழல் விழுந்த கோடுகள் மட்டும் ஒழுங்காகத் தெரியும். இது அகச்சிவப்புப் புள்ளிகளைத் தெளித்துத்தான் தூரத்தை அளக்கிறது, சூரியனின் அகச்சிவப்பில் அந்தப் புள்ளிகள் கரைந்துபோகின்றன. திரையை இழுத்துவிட்டால் சரியாகிவிடும். இடமும் வேண்டும்: 80 சென்டிமீட்டருக்குள் வந்தால் குருடு. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் டீப்பாயை நகர்த்தாமல் எதுவும் நடக்காது.

சரி, போன செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு வருகிறேன். அம்மா பயிற்சியில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, கினெக்ட் அணைந்துவிட்டது. சட்டென்று ஒரு யோசனை. ரவுட்டருக்கு வைத்திருக்கும் குட்டி யுபிஎஸ்ஸும் 12 வோல்ட்தானே, நான் பற்ற வைத்த துளையும் ரவுட்டர் பின்னுக்கானதுதானே? தடவித் தடவிப் போய் ரவுட்டரிலிருந்து பிடுங்கி இதில் செருகினேன். பச்சை விளக்கு வந்தது. உள்ளறையிலிருந்து "நெட்டு போச்சு" என்று அப்பா குரல்.

ஹாலில் என் கையே எனக்குத் தெரியவில்லை. திரையில் அம்மா தெளிவாக நிற்கிறார்கள், சாம்பல் நிறத்தில், முந்தானை மடிப்பு உட்பட. இதற்கு வெளிச்சமே தேவையில்லை, தன் வெளிச்சத்தைத் தானே தெளித்துக்கொள்ளும். அகச்சிவப்புப் படத்துக்கு மாற்றினேன். சுவர், பீரோ, அம்மாவின் நெற்றி, தூக்கிய கை, எல்லாவற்றிலும் மணல் தூவியது போலப் புள்ளிகள். இந்தக் கண்ணைச் செய்தது பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனம். 2013-இல் ஆப்பிள் அதை வாங்கியது. ஐஃபோன் எக்ஸ் தொடங்கி முகம் பார்த்துத் திறக்கும் ஐஃபோன்களும் இப்படித்தான் முகத்தில் புள்ளி தெளிக்கின்றன. இருட்டில் 152 டிகிரிக்கு மணி அடித்தது. "எனக்கே நான் தெரியல, இதுக்கு எப்படித் தெரியுது?" என்றார்கள் அம்மா.

என்றாலும் நண்பனுக்கு என் பதில் மாறவில்லை. கினெக்ட் தயாரிப்பு 2017-லேயே நின்றுவிட்டது. எஸ்டிகேக்குப் புதிய பதிப்பு வரப்போவதில்லை. விளையாட நினைத்தால் கணினியில் விளையாட்டே அபூர்வம், நிரல் எழுதத் தெரியாதவனுக்கு இது மோட்டார் வைத்த வெப்கேம். கையைக் காலைக் கண்டுபிடிக்கும் வேலையை இன்றைக்குச் சாதாரண வெப்கேமும் ஒரு இலவச மென்பொருளும் சேர்ந்து ஓரளவு செய்துவிடும், அதுவும் அடாப்டர் இல்லாமல்.

நேற்று அவனை மறுபடி அழைத்து இவ்வளவையும் சொன்னேன். "சரிடா, விட்டுடறேன்" என்றான். வைக்கப் போகும்போதுதான் கேட்டேன்: "அது கூட அடாப்டர் வருதா?"

"ஆமா, ஒரிஜினலாம், பிரிக்கவே இல்லையாம்."

விற்பவர் நம்பரை வாங்கிக்கொண்டேன்.