செங்கோட்டையில் வாங்கிய பித்தளைத் தாயக்கட்டை: ஒன்று சரி, ஒன்று சாய்வு

கொல்லம் சாலைப் பாத்திரக்கடை ஒன்றில் ஜோடி 280 ரூபாய். கெட்டிப் பித்தளை, கைக்கு நல்ல கனம். புள்ளிகள் ஆழமாகப் பதிந்திருப்பதால் இரவு வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரிகின்றன. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. விழும் விதத்தில்தான் குறை.

கட்டை சாய்வில்லாமல் விழுகிறதா என்று சோதிக்கும் முன்பே மூன்று விஷயங்களை முடிவு செய்துவிட வேண்டும்: ஒவ்வொரு முகமும் நாலில் ஒரு பங்கு விழும் என்பது கருதுகோள், உருட்டு 400, மிகைகாண் நிலை (சரியான கட்டையைக் கோணல் என்று தவறாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 5 சதவீதம். நான்கு முகங்களுக்குக் கட்டின்மைப் படிகள் (மொத்தம் தெரிந்தபின் தன்னிச்சையாக மாறக்கூடிய எண்ணிக்கைகள்) 3, எல்லை 7.815; கை-வர்க்கம் (எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகல் என்னும் அளவு) இதைத் தாண்டினால் கருதுகோள் விழுந்தது. நடுவில் எண்ணிக்கையைப் பார்த்து நிறுத்தினால் சோதனை கெட்டது. 40 உருட்டும் போதாது, சிறிய சாய்வு அதில் பிடிபடாது. ஒரு கட்டையில் நகப்பூச்சால் அடையாளம் வைத்து, பாயில்லாத வெறுந்தரையில் இரண்டடியாவது உருளவிட்டுத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

முதல் கட்டை: வெற்று 118, ஒன்று 84, இரண்டு 115, மூன்று 83. எதிர்பார்ப்பு 100; வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி 100-ஆல் வகுத்தால் கை-வர்க்கம் 10.94. கருதுகோள் நிற்கவில்லை. (1 சதவீத எல்லையான 11.345-ஐ மட்டும் தாண்டவில்லை.) இரண்டாவது: 107, 96, 92, 105, கை-வர்க்கம் 1.54. குறை சொல்ல ஆதாரமில்லை.

இரண்டையும் சேர்த்து 800 உருட்டாகக் கணக்கிட்டால் 6.09 வந்து, கோணல் கட்டையும் தப்பிவிடும்! பலரும் தவறுவது இங்கேதான்.

காரணம் வெர்னியர் காலிப்பரில் (தடிமனை நுட்பமாக அளக்கும் கருவி) தெரிந்தது. முதல் கட்டையில் வெற்றுக்கும் இரண்டுக்கும் இடையே 7.6 மி.மீ., ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே 8.0 மி.மீ. அரம் போடும்போது ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. கட்டை அகலமான முகத்தில்தான் அமரும். அதனால் வெற்றும் இரண்டும் அடிக்கடி மேலே வருகின்றன.

முதல் கட்டையின் எண்ணிக்கைகளை அப்படியே நம்பி, இரண்டாவதைச் சரியான கட்டையாகவே கொண்டால், இந்த ஜோடியில் தாயம் (ஒன்றில் வெற்று, மற்றதில் ஒன்று) விழும் வாய்ப்பு ஏறக்குறைய மாறவில்லை: வெற்று கூடியதை ஒன்று குறைந்தது ஈடுகட்டிவிடுகிறது. பன்னிரண்டு (இரண்டிலும் வெற்று) மட்டும் நூற்றுக்கு 6.25-லிருந்து 7.4 ஆகிறது, ஆறு (இரண்டிலும் மூன்று) 5.2-க்கு இறங்குகிறது. எல்லாரும் இதே ஜோடியை உருட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை; ஆளுக்கொரு ஜோடி வைத்து ஆடினால் நியாயமில்லை.

வாங்கப் போகிறவர்கள் காலிப்பரைக் கையோடு கொண்டுபோய், இரு திசையிலும் 0.1 மி.மீ.-க்குள் ஒத்துப்போகும் கட்டையைப் பொறுக்கி எடுக்கலாம்.