வீட்டுக்கு எந்தக் கோழி? சிறுவிடையும் கடக்நாத்தும் கிராமப்பிரியாவும்

வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் இடம் கிடக்கிறது, பத்துக் கோழி வாங்கி விடலாமென்று இருக்கிறேன், எந்தக் கோழி நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அடுத்த கேள்வியாக வருடத்துக்கு எத்தனை முட்டை என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் நம்மூர் சின்ன நாட்டுக்கோழியான சிறுவிடைக்கு இடமே கிடையாது. ஆனாலும் எங்கள் கொல்லையில் சிறுவிடை, கடக்நாத், கிராமப்பிரியா மூன்றையும் வளர்த்துப் பார்த்த பிறகு கடைசியில் நிலைத்தது சிறுவிடைதான்.

முதலில் அந்த முட்டைக் கணக்கையே பார்த்துவிடலாம். சிறுவிடைப் பெட்டை ஒரு சுற்றுக்கு 12 முதல் 15 முட்டை இடும், பிறகு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருடத்துக்கு மூன்று நான்கு சுற்று என்றால் 50, 60 முட்டை. கறுப்புக்கோழியான கடக்நாத் இதைவிடக் கூடுதலாக இடும். கிராமப்பிரியாவோ நன்றாகத் தீனி கொடுத்தால் 150-ஐத் தாண்டிவிடும். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய கோழி அது. முட்டை ஓடு பழுப்பு நிறம் என்பதால் நாட்டு முட்டை கேட்பவர்களும் தயங்காமல் வாங்குவார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத் தினமும் ஆளுக்கொரு முட்டை வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால் மேலே படிக்காமலே கிராமப்பிரியா வாங்கலாம். அதே நிறுவனத்தின் வனராஜாவும் உண்டு. அது கறிக்கும் சேர்த்து வளர்க்கிற கோழி. கனமான உடம்பு, நாய் துரத்தினால் பறந்து தப்பத் தெரியாது.

கிராமப்பிரியா இவ்வளவு இடுவதற்குக் காரணம், அது அடைக்கு உட்காருவதில்லை. அடை உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும். கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும்போதுதான் அந்த அடைக்குணம் வருகிறது. முட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தபோது அந்தக் குணத்தைக் கழித்துவிட்டார்கள். அதனால் ஒன்றரை இரண்டு வருடத்தில் முட்டை குறையும்போது திரும்பவும் குஞ்சு வாங்கத்தான் வேண்டும். முட்டையை இன்குபேட்டரில் வைத்துப் பொரிக்கலாமே என்றால், கிராமப்பிரியா ஒரு கலப்பினம். அதன் குஞ்சுகள் தாயைப் போலவே இடும் என்று நம்ப முடியாது.

சிறுவிடையின் அருமை இந்த இடத்தில்தான் தெரியும். எங்களிடம் ஒரு செவலைப் பெட்டை இருந்தது. வைக்கோல் போரின் அடியில் யாருக்கும் தெரியாமல் முட்டையிட்டுச் சேர்க்கும். அடைக்கு வந்ததும் அம்மா மூங்கில் கூடையில் மணல் பரப்பி, 12 முட்டை வைத்து, ஓரத்தில் ஒரு இரும்புத்துண்டு, கொஞ்சம் அடுப்புக்கரி, இரண்டு வற்றல் மிளகாய் போடுவார். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும், இரும்பு காக்கும் என்பது ஊர் நம்பிக்கை. கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எழும். அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, எச்சமிட்டுவிட்டு ஓடிவந்து உட்காரும். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு நரம்பு சிலந்திபோல் ஓடியிருக்கும். ஓடாதது கூமுட்டை, எடுத்துவிடலாம். பொரிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்கும், தாய் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவருக்கு முட்டைக் கணக்கு பெரிதாகத் தோன்றாது.

21 நாளில் பொரித்த பிறகு நமக்கு வேலை குறைவு. கரையானைக் கொத்திக் கீழே போட்டுக் காட்டுவதும், வானத்தில் பருந்தின் நிழல் தெரிந்தால் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் வாங்குவதும் அதன் பொறுப்பு. கிராமப்பிரியா குஞ்சுகளுக்கு பல்பு போட்டுச் சூடு கொடுத்து, கரண்ட் போனால் எழுந்து பார்த்து, மூன்று வாரம் நாம் தாயாக இருக்க வேண்டும். சிறுவிடை இரண்டு மூன்று மாதம் கூட வைத்திருந்துவிட்டு ஒருநாள் குஞ்சுகளைக் கொத்தி விரட்டும், மறுபடி முட்டைக்கு வரும். கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்று சும்மாவா சொன்னார்கள்!

தாய்க்கு நாம் செய்யும் உதவி கரையான் பிடித்துக் கொடுப்பதுதான். பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் காய்ந்த ஓலையும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் இருக்கும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறைய இருக்கும்.

கடக்நாத் வேறு அழகு. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியில் பில், பிலாலா பழங்குடி மக்கள் வளர்த்துக் காத்த கோழி. அங்கே காலி மாசி என்பார்கள், கறுத்த கறி உள்ளது என்று பொருள். 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிறமிச் செல்கள் கருவிலேயே வழக்கமில்லாத இடங்களுக்கெல்லாம் பரவிவிடுவதால் தோல், கறி, எலும்பின் மேல்தோல் வரை கறுப்பாகிறது. முட்டை மட்டும் வெளிர் பழுப்புத்தான். கறுப்பு முட்டை என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். மருந்துக்கோழி என்று சொல்லி இரட்டை விலை கேட்பதையும் நான் ஏற்கவில்லை. கறி நன்றாக இருக்கும், அதுவே போதும். நாங்கள் முதலில் வாங்கிய பத்துக் குஞ்சில் நான்கு வளர்ந்த பிறகு சிவந்த கொண்டையோடு நின்றன. விற்றவர் கலப்புக் குஞ்சுகளையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். அதனால் குஞ்சாக இல்லாமல் வளர்ந்ததாக வாங்கி, நாக்கு, வாயின் உட்புறம், கொண்டை, கால் எல்லாம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைக்கு இதுவும் சரிப்படாது. எங்கள் கடக்நாத் முட்டைகளைச் செவலைதான் பொரித்தது, கறுப்புக் குஞ்சுகளைத் தன் குஞ்சாகவே மேய்த்தது.

பெருவிடையைக் கேட்பவர்களும் உண்டு. சண்டைச் சேவல் வழி வந்தது, கம்பீரம், கறியும் கெட்டி. ஆனால் இரண்டு சேவலை ஒன்றாக விட முடியாது, முட்டையும் குறைவு. ஐந்து சென்ட் கொல்லைக்கு வேண்டாம்.

எந்த இனம் வாங்கினாலும், கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு எல்லாம் ஒன்றுதான். நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்ற பேச்சை நம்பி ஒரு கோடையில் தடுப்பூசி போடாமல் விட்டோம். ஐந்தே நாளில் 14 கோழி போயின, செவலையும் போனது. இன்னும் அந்த மூலையைப் பார்த்தால் மனசு கனக்கும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரம் மறுபடி, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவச முகாமும் நடத்துகிறது, தவற விடாதீர்கள்.

நான் என்றால் இன்னும் முட்டைக்கு வராத இளம் சிறுவிடை வெடக்கோழி மூன்றும், அவற்றோடு பிறக்காத வேறு வீட்டுச் சேவல் ஒன்றும் வாங்குவேன். முட்டை அதிகம் தேவை என்றால் கூடவே நான்கு கிராமப்பிரியா. சந்தையில் வாங்குவதைவிட நோய் இல்லாத வீடு பார்த்து வாங்குவது நல்லது. அப்புறம், வந்ததும் பழைய கோழிகளோடு விடாமல் இரண்டு வாரம் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.