சிட்னியில் கான்கிரீட் லைசென்ஸ்: ஆர்.பி.எல். சேவை எப்படி இருந்தது?

நியூ சவுத் வேல்ஸில் கான்கிரீட் வேலை பார்க்கிற நம் ஆட்கள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "ஆர்.பி.எல். போட்டு லைசென்ஸ் வாங்கலாமா, அதை நம்பலாமா?" ஆர்.பி.எல். என்றால், ஏற்கெனவே தெரிந்த வேலையை மதிப்பிட்டு, அதற்குச் சான்றிதழ் தருவது. மேற்கு சிட்னியில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனம் வழியாக நான் அதை முடித்துவிட்டேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் எதைப் பார்த்து அவர்களைத் தேர்ந்தெடுத்தேன், எது பிடித்தது, எது எரிச்சலூட்டியது என்று விவரமாகவே சொல்கிறேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

முதலில் ஒரு தெளிவு. ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறீர்கள் என்றால் இந்த லைசென்ஸ் தேவையில்லை, கட்டிட வேலைப் பாதுகாப்புப் பயிற்சி அட்டையான வைட் கார்டு இருந்தால் சைட்டுக்குள் போகலாம். நீங்களே வீட்டு வேலையை ஒப்பந்தமாக எடுக்கும்போது, கூலியும் பொருளும் ஜிஎஸ்டியும் சேர்த்து 5,000 டாலரைத் தாண்டினால்தான் கான்ட்ராக்டர் லைசென்ஸ் கட்டாயம். சிமெண்டை வீட்டுக்காரரே வாங்கித் தந்தாலும் அதன் சந்தை விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு டிரைவ்வே, அதை ஒட்டி ஒரு நடைபாதை என்று போனாலே அந்தத் தொகை சுலபமாக வந்துவிடும். லைசென்ஸ் இல்லாமல் செய்து மாட்டினால் தனிநபருக்கு 22,000 டாலர் வரை அபராதம் உண்டு. அதைவிட வலிக்கிற விஷயம், வீட்டுக்காரர் பணம் தராவிட்டால் அந்த ஒப்பந்தத்தைக் காட்டிச் சட்டப்படி வசூலிக்க முடியாது என்பது. வெயிலில் நின்று ஊற்றி, மட்டம் பார்த்து, தேய்த்து முடித்த வேலைக்கு இந்த நிலை யாருக்கும் வரக் கூடாது.

லைசென்ஸுக்கு அடிப்படைத் தகுதி கான்கிரீட்டிங்கில் சர்டிபிகேட் 3 என்கிற தொழிற்பயிற்சிச் சான்றிதழ், இப்போதைய குறியீடு சி.பி.சி.30320. இளவயதில் தொடங்குகிறவர்கள் அப்ரண்டிஸாகச் சேர்ந்து டேஃப் என்கிற அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரி போன்ற இடத்தில் படிப்பதுதான் நல்ல வழி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைப் போல ஊரில் சென்ட்ரிங், கம்பி கட்டு என்று தொடங்கி, இங்கே வந்தும் பல வருடம் அதே வேலையில் இருப்பவர்களுக்குத்தான் ஆர்.பி.எல்.

நான் முதலில் விசாரித்த இடம் வேறு. "ரெஸ்யூமே மட்டும் அனுப்புங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், சீக்கிரமே லைசென்ஸ் கையில் வந்துவிடும்" என்றார்கள். சான்றிதழில் எந்த நிறுவனத்தின் பெயர் வரும் என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை. அவர்கள் வெறும் இடைத்தரகர். சான்றிதழ் தருகிற அதிகாரம், அரசிடம் பதிவுபெற்ற பயிற்சி நிறுவனத்துக்கு மட்டும்தான். ட்ரெய்னிங் டாட் கவ் டாட் ஏயூ தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் பதிவு நடப்பில் இருக்கிறதா, கான்கிரீட்டிங் சர்டிபிகேட் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள், தயவுசெய்து. முறையான மதிப்பீடு இல்லாமல் சில நிறுவனங்கள் கொடுத்த ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை ஒழுங்குமுறை அமைப்பான ஆஸ்க்வா 2024 கடைசியிலிருந்து ரத்து செய்து வருகிறது. கட்டிட வேலைச் சான்றிதழ்களும் அதில் அடக்கம். பணம் கட்டி வாங்கிய தாள் ஒரு கடிதத்தில் செல்லாமல் போவது சாதாரண விஷயமில்லை.

நான் போன நிறுவனம் இதற்கு நேர் எதிர். அடுத்தடுத்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள்: வேலை நடக்கும்போது எடுத்த படம், நான் தேய்க்கிறது தெரிகிற வீடியோ, பே ஸ்லிப், என் சூப்பர்வைசரின் கையெழுத்து. முடிந்த தரையின் அழகான படம் போதாது, அதை நீங்கள்தான் செய்தீர்கள் என்று எப்படித் தெரியும் என்றார்கள். நியாயம்தான். இப்போது வேலை பார்க்கிறவர்கள் இன்றைக்கே படம் எடுக்கத் தொடங்குங்கள்: பலகை அடிப்பது, மெஷ் என்கிற கம்பி வலையை விரிப்பது, ஊற்றுவது, தரையைத் தேய்க்கிற ஹெலிகாப்டர் மெஷினை ஓட்டுவது, ஜாயின்ட் வெட்டுவது, எல்லாவற்றையும்.

அப்புறம் மதிப்பீட்டாளர். இந்தச் சேவையிலேயே சிறந்தது அவரோடு பேசிய நேரம்தான். பெரியவர், கை முழுக்க வேலை பார்த்த தழும்பு, சைட்டுக்கே வந்தார். 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் கனத்தில் டிரைவ்வே, எவ்வளவு ஆர்டர் போடுவாய் என்றார். 3.6 கன மீட்டர், சேதாரம் சேர்த்து 4 என்றேன். மெஷ்ஷைத் தரையில் போட்டுவிட்டு ஊற்றும்போது கொக்கியால் இழுத்துவிடுகிற பழக்கத்தைப் பற்றிக் கேட்டார். நாற்காலி என்று இங்கே சொல்கிற தாங்கிகளை, நம் ஊர் கவர் பிளாக் மாதிரி, முன்கூட்டியே வைக்காவிட்டால் கம்பி அடியிலேயே கிடந்துவிடும், விரிசலைப் பிடிக்காது என்று விளக்கினேன். லாரிக்காரர் "கொஞ்சம் தண்ணீர் விடட்டுமா" என்று கேட்டால் என்ன சொல்வாய் என்பதில்தான் நெடுநேரம் நின்றார். ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளக்கம் என்று காட்டுகிற அளவு) 80 என்று ஆர்டர் போட்டுவிட்டு, தள்ளுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று சைட்டில் தண்ணீரைக் கூட்டினால் பலம் இறங்கும், மேல்பரப்பு பொடியாக உதிரும், காயும்போது சுருங்கி வெடிக்கும். இதைச் செய்யாதவர்கள் எந்த ஊரிலும் குறைவு, அதனால்தான் அழுத்திக் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

அவரிடம் கற்றுக்கொண்டதும் உண்டு. கான்கிரீட்டின் பலத்தைச் சொல்கிற கிரேடு ஊரில் எம்25, இங்கே என்25, இரண்டும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறோம். இந்தியாவில் 28 நாள் பலத்தைக் கனசதுரக் கட்டியை நசுக்கிப் பார்க்கிறார்கள், இங்கே உருளையை நசுக்கிப் பார்க்கிறார்கள். ஒரே கலவையானாலும் உருளையில் வருகிற எண் குறைவு, கட்டியில் வருவதில் ஏறக்குறைய எண்பது சதவீதம்தான். ஆகவே இங்கத்திய என்25, ஊர் எம்25-ஐவிடப் பலமான கலவை. ஊற்றிய கான்கிரீட் சீக்கிரம் காயாமல் ஈரத்தைக் காக்கிற க்யூரிங்கிலும் வித்தியாசம் உண்டு, நாம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம், இங்கே பெரும்பாலும் மருந்து தெளிக்கிறார்கள். தெளிக்காமலே போகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி அவர் கோபமாகவே பேசினார், எனக்கும் அதே கோபம்தான்.

சரி, ஒரு நட்சத்திரம் எங்கே போனது? விளம்பரத்தில் "லைசென்ஸ்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், தருவதோ சான்றிதழ். லைசென்ஸ் தருவது மாநில அரசின் பில்டிங் கமிஷன் மட்டும்தான். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், அனுபவத்துக்குத் தனியாகச் சான்று. கேட்டால்தான் இதைச் சொல்கிறார்கள், கேட்காதவர் சான்றிதழ் வந்த அன்றே வேலை எடுக்கலாம் என்று நினைத்துவிடுவார். 20,000 டாலருக்கு மேலான வேலைக்கு வீட்டுக்காரரைக் காக்கும் காப்பீடும் எடுக்க வேண்டும் என்பதை நான்தான் தேடிப் படித்தேன். முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் அப்படித்தான். இதையெல்லாம் ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். கட்டணத்தைத் தவணையாக வாங்கியது நல்ல விஷயம். 1,500 டாலருக்கு மேல் முன்பணம் வாங்குகிற நிறுவனம் அதற்குப் பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும், நீங்கள் போகிற இடத்திலும் அதைக் கேளுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்குபவர்களுக்கு: இலக்கணம் பார்ப்பதில்லை, வேலையின் பெயர்கள் தெரிந்தால் போதும். மதிப்பீட்டாளர் பிளானைப் படித்துக் காட்டச் சொன்னார், அதை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டு போங்கள்.

நிறுவனத்துக்கு ஒரு வேண்டுகோள். சந்திப்பு நேரமெல்லாம் வார நாள் காலையில்தான் கிடைக்கிறது. நல்ல வெயிலடிக்கிற காலையில் எந்த கான்கிரீட்காரராலும் வர முடியாது. மழை வந்து ஊற்றுவது நின்றுபோகிற நாட்களில் அன்றைக்கே போன் செய்து வந்து பேச வசதி கொடுங்கள், உங்கள் அலுவலகம் நிரம்பிவிடும்.